எமில் கிறிஸ்டியன் ஹான்சன்

எமில் கிறிஸ்டியன் ஹான்சன் (மே 8, 1842 – ஆகஸ்ட் 27, 1909) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த பூஞ்சையியலாளரும் நொதித்தல் துறை அறிஞரும் ஆவார். மதுவம் என்று தமிழில் வழங்கப்படும் ஈஸ்டை, ஒரே ஓர் உயிரணுவிலிருந்து தொடங்கி, வேறெந்த நுண்ணுயிரும் கலவாமல் வளர்த்தெடுத்து, அதனைப் பியர் தயாரிப்பில் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டிய முதல் அறிவியலாளர் இவரே. இவருடைய காலம் வரை, தொட்டியில் ஊற்றிய சாறு ஏன் ஒழுங்காக நொதிக்கவில்லை, ஏன் பாதியில் நின்றது, ஏன் கசந்தது, ஏன் கலங்கியது என்ற கேள்விகளுக்குப் பியர் தயாரிப்போரிடம் அனுபவம் தந்த ஊகங்களே விடையாக இருந்தன. நொதித்தல் கெடும்போது முதலில் கேட்க வேண்டியது தொட்டியில் இருப்பது எந்த ஈஸ்ட் என்பதே என்று இவர் நிறுவினார்.

பிறப்பும் இளமையும்

ஹான்சன் டென்மார்க்கின் மிகப் பழைய நகரமாகிய ரீபெயில் பிறந்தார். இந்நகரம் யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையோரப் பகுதியில் உள்ளது. குடும்பம் வறுமையானது. இளமையில் மளிகைக் கடையில் வேலை பழகினார். பின்னர் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலைக் கற்று அதில் ஊதியம் பெற்றார். ஓவியராக வேண்டும் என்ற விருப்பம் இவருக்கு இருந்தது. அது நிறைவேறவில்லை.

பிறகு சீலாந்து தீவில் உள்ள ஓல்ஸ்டைன்போர்க் பண்ணை மாளிகையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியராகப் பணியேற்றார். அருகிலிருந்த ஊரில் பீடர் நீல்சன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். தாவரவியலில் ஆழ்ந்த அறிவு கொண்ட நீல்சனே ஹான்சனைச் செடி கொடிகளின் பக்கம் திருப்பியவர். வண்ணப் பூச்சுக்காரராக இருந்த இளைஞர் ஒருவர் நுண்ணோக்கியின் முன் அமரும் நிலைக்கு வந்ததற்கு அந்த நட்பே காரணம் எனலாம்.

கல்வி

முப்பது வயதை நெருங்கும் வேளையிலேயே ஹான்சன் கோபனாகனில் உயர்கல்வி பெறத் தொடங்கினார். படிப்புச் செலவுக்காகக் கதைகள் எழுதி விற்றார். விலங்கியலாளர் யாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப்பிடம் ஊதியமில்லாத உதவியாளராகவும் இருந்தார். 1876 ஆம் ஆண்டு, சாணத்தில் வளரும் டென்மார்க் நாட்டுப் பூஞ்சைகளைப் பற்றி எழுதிய ஆய்வுரைக்காகப் பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்காத பொருள் அது. எனினும் மிகச் சிறிய உயிர்களை இனம் பிரித்தறியும் பயிற்சியை அந்த ஆய்வு இவருக்கு அளித்தது.

அதே ஆண்டில் சார்லஸ் டார்வினின் பீகிள் கப்பற் பயண நூலை ஆல்பிரட் யோர்கென்சன் என்பவருடன் சேர்ந்து டேனிய மொழியில் பெயர்த்து வெளியிட்டார். இந்த யோர்கென்சன் பின்னாளில் கோபனாகனில் தனி நொதித்தல் ஆய்வகம் ஒன்றை நிறுவி, ஹான்சனின் முறையைப் பல நாடுகளில் பரப்பியவர்.

கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில்

யா. கி. யாக்கோப்சன் 1847 ஆம் ஆண்டு கோபனாகனுக்கு வெளியே வால்பி என்னும் மேட்டில் ஒரு பியர் ஆலையை நிறுவினார். மகன் கார்லின் பெயரோடு, குன்றைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து கார்ல்ஸ்பெர்க் எனப் பெயரிட்டார். இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1845 இல், இவர் மியூனிக் நகரின் ஸ்பாட்டன் ஆலையிலிருந்து ஈஸ்டைத் தகரப் பாத்திரங்களில் எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் டென்மார்க் திரும்பினார். வண்டி நின்ற இடங்களில் எல்லாம் பாத்திரங்களின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றி ஈஸ்டைச் சாகாமல் காத்தார் என்று கூறப்படுகிறது. கார்ல்ஸ்பெர்க் ஆலையின் பியர் அந்த ஈஸ்டின் வழித்தோன்றல்களைக் கொண்டே பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்டது.

யாக்கோப்சன் அறிவியலில் நம்பிக்கை மிகுந்தவர். 1875 இல் ஆலையோடு சேர்ந்த ஆய்வகம் ஒன்றையும், அடுத்த ஆண்டு அதனைப் பேணும் கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளையையும் ஏற்படுத்தினார். ஆய்வகத்தில் கண்டறியப்படும் எந்த முடிவையும், அது கோட்பாட்டளவிலோ தொழிலிலோ எவ்வளவு முக்கியமானதாயினும், இரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் விதித்த நெறி. வணிக நிறுவனம் ஒன்று தன் ஆய்வுகளைப் போட்டியாளரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்ற இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பது சில ஆண்டுகளில் தெரிய வந்தது.

ஆய்வகத்தின் வேதியியல் பிரிவை யோகான் கெல்டால் நடத்தினார். உணவுப் பொருள்களில் உள்ள நைட்ரசனை அளக்கும் அவருடைய முறை 1883 இல் வெளியாயிற்று. ஹான்சன் பியரிலும் அதன் சாற்றிலும் வாழும் உயிரிகளைப் பற்றி ஆய்ந்து 1879 இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் உடலியங்கியல் பிரிவின் தலைவரானார். இறக்கும் வரை அப்பதவியில் நீடித்தார்.

பின்புலம்: பியர் எவ்வாறு நொதிக்கிறது

ஹான்சனின் பணியை விளங்கிக்கொள்ள, பியர் தயாரிப்பைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் தேவை. வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள மாச்சத்து சர்க்கரைகளாக மாறுகிறது. வடித்தெடுத்த இனிப்புச் சாற்றை ஹாப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்டைச் சேர்ப்பர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்ககாலையும் கரியமில வாயுவையும் தருகிறது.

லாகர் எனப்படும் பவேரிய வகைப் பியரில் நொதித்தல் ஏறத்தாழ 5 முதல் 10 பாகை செல்சியசு வரையிலான குளிரில் நடைபெறும். ஈஸ்ட் இறுதியில் தொட்டியின் அடியில் படியும். ஆங்கில வகை ஏல் பியரில் வெப்பம் கூடுதல். ஈஸ்ட் மேலே நுரையாக எழும். எந்த வகையானாலும், ஒரு தொட்டியில் கிடைத்த ஈஸ்டை எடுத்து அடுத்த தொட்டிக்கு இடுவதே வழக்கம். பாலுக்கு முன்னாள் மோரை உறை ஊற்றுவதைப் போன்றது இது. உறை மோர் கெட்டுப்போனால் அடுத்தடுத்த நாள் தயிரும் கெடுவது போல, ஈஸ்டில் ஒருமுறை புகுந்த மாசு தொட்டிக்குத் தொட்டி பெருகிச் செல்லும்.

நொதித்தல் ஓர் உயிர்ச்செயல் என்பதை லூயி பாஸ்டர் ஏற்கெனவே நிறுவியிருந்தார். 1876 இல் வெளியான பியர் பற்றிய நூலில், பியரின் நோய்களுக்குக் காரணம் அதில் புகும் அயல் நுண்ணுயிர்களே என்று அவர் விளக்கினார். அவர் பெரிதும் அஞ்சியது பாக்டீரியாக்களை. டார்ட்டாரிக் அமிலம் கலந்த சர்க்கரைக் கரைசலில் ஈஸ்டை வளர்த்தால் அது தூய்மையாகும் என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று. பாக்டீரியாவைப் பொறுத்தவரை இது சரியே. ஆனால் ஈஸ்டிலேயே நல்லது, கெட்டது என்று வகைகள் இருக்குமானால்? அந்தக் கேள்வியே ஹான்சனுடையது.

காற்றிலும் மண்ணிலும் ஈஸ்ட்

ஹான்சனின் முதல் ஆய்வுகள் ஆலைக்குள் தொடங்கி ஆலைக்கு வெளியே சென்றன. கொதிக்கவைத்துத் தூய்மையாக்கிய சாறு கொண்ட குடுவைகளைத் தோட்டத்திலும், மால்ட் பரணிலும், நொதி நிலவறையிலும் திறந்து வைத்து, எந்தெந்த உயிர்கள் காற்றின் வழியே விழுகின்றன என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார். பழங்கள் பழுக்கும் காலத்தில் தோட்டக் காற்றில் ஈஸ்டுகள் மிகுதியாக இருப்பதைக் கண்டார். அக்காலத்து ஆலைகளில், கொதித்த சாற்றை அகன்ற திறந்த தட்டங்களில் ஊற்றியே ஆறவைத்தனர். தோட்டத்துத் தூசியும் அதனுடன் ஈஸ்டும் அத்தட்டங்களில் விழுவதற்குத் தடையேதும் இல்லை.

இருமுனையும் கூரிய வடிவுடைய சாக்கரோமைசிஸ் அப்பிக்குலேட்டஸ் என்ற ஈஸ்டின் வாழ்க்கைச் சுழற்சியை இவர் முழுமையாக வெளிப்படுத்தினார். கோடையில் கனிந்த பழங்களின்மேல் வாழும் இது, உதிரும் பழங்களோடும் மழைநீரோடும் மண்ணை அடைந்து குளிர்காலத்தை அங்கே கழிக்கிறது. மறு கோடையில் காற்றில் எழும் தூசியோடு மீண்டும் பழங்களுக்கு ஏறுகிறது. ஒரு நுண்ணுயிரின் ஆண்டு வரலாறு இயற்கைச் சூழலில் இவ்வளவு விரிவாக ஆராயப்பட்டது அக்காலத்தில் அரிது.

இந்த ஈஸ்டைப் பற்றிய மற்றொரு முடிவு தொழிலுக்கு மிக முக்கியமானது. இது குளுக்கோசை நொதிக்கச் செய்யும். ஆனால் மால்ட் சாற்றின் முதன்மைச் சர்க்கரையாகிய மால்ட்டோசை இதனால் நொதிக்கச் செய்ய இயலாது. இது மட்டுமே உள்ள சாறு சிறிதளவு நொதித்து, சர்க்கரையின் பெரும்பகுதி அப்படியே எஞ்சியிருக்க நின்றுவிடும். ஓக் மரத்தில் வடியும் பிசுபிசுப்பில் காணப்பட்ட சாக்கரோமைசிஸ் லுட்விகி போன்ற வேறு சில ஈஸ்டுகளும் மால்ட்டோசைத் தொடுவதில்லை என்று இவர் பின்னர் காட்டினார். எந்தச் சர்க்கரையை எந்த ஈஸ்ட் நொதிக்கச் செய்யும் என்பதை இனம் பிரிக்கும் அடையாளமாகவே இவர் பயன்படுத்தினார். ஈஸ்ட் வகைப்பாட்டில் இது நிலைபெற்ற வழக்கமாயிற்று.

1883 ஆம் ஆண்டின் நோய்

1883 இல் பழைய கார்ல்ஸ்பெர்க் ஆலையின் பியரில் குறை தோன்றியது. விரும்பத்தகாத கசப்பும் கெட்ட மணமும் பியரில் ஏறின. அறிவியல் முறைப்படி நடத்தப்படும் ஆலை என்று பெயர் பெற்ற இடத்திலேயே இது நேர்ந்தது. இதற்கிடையே, தந்தையுடன் பிணங்கிய கார்ல் யாக்கோப்சன் 1882 இல் அடுத்த நிலத்திலேயே புதிய கார்ல்ஸ்பெர்க் என்ற போட்டி ஆலையைத் தொடங்கியிருந்தார். எனவே முதியவர் யாக்கோப்சனுக்கு இது பணத்தைப் பற்றிய கவலை மட்டுமன்று.

ஹான்சன் ஆலையின் ஈஸ்டை ஆராய்ந்தார். நுண்ணோக்கியின் வழியே பார்த்தால் அதில் வேறுபாடு எதுவும் எளிதில் புலப்படாது. நல்ல ஈஸ்டும் கெட்ட ஈஸ்டும் ஒரே மாதிரியான முட்டை வடிவ உயிரணுக்களாகவே தெரியும். ஆகவே கண்ணை நம்பாமல், கலவையிலிருந்து ஒவ்வோர் உயிரணுவையும் தனித்தனியே பிரித்து வளர்த்து, ஒவ்வொன்றையும் கொண்டு தனியே சாற்றை நொதிக்கவைத்துப் பார்த்தார். ஒன்று முன்போல் நல்ல பியரைத் தந்தது. சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் I என்று இவர் குறித்த மற்றொன்று அதே கசப்பையும் மணத்தையும் தந்தது. நல்ல ஈஸ்டோடு இதனைச் சிறிதளவு வேண்டுமென்றே கலந்தபோது நோய் மீண்டும் தோன்றிற்று. வேறு சில காட்டு ஈஸ்டுகள் பியரைக் கலங்கச் செய்வதையும் இவர் இவ்வாறே மெய்ப்பித்தார். நோயின் விளைவு, மாசு எப்போது புகுகிறது என்பதைப் பொறுத்தது என்றும் கண்டார்: முதன்மை நொதித்தலின் தொடக்கத்தில் புகுந்தால் பெருங்கேடு, அது முடியும் தறுவாயில் புகுந்தால் தீங்கு மிகக் குறைவு.

பாஸ்டர் சொன்ன டார்ட்டாரிக் அமில முறை இந்நோயைத் தீர்க்காது, மாறாகக் காட்டு ஈஸ்டுகள் ஓங்குவதற்கே அது துணைபோகும் என்றும் ஹான்சன் ஆய்வின் மூலம் காட்டினார். பாஸ்டர் மீது பெருமதிப்புக் கொண்டிருந்த யாக்கோப்சன் முதலில் தயங்கினார். ஆலையின் பெயரையும் ஆயிரக்கணக்கான பீப்பாய்களையும் ஒற்றை உயிரணுவின் வழித்தோன்றல்களிடம் ஒப்படைப்பது அக்காலத்தில் எந்த ஆலை முதலாளிக்கும் எளிதான முடிவன்று. இறுதியில் சோதனைக்கு இசைந்தார். 1883 நவம்பர் 12 அன்று கார்ல்ஸ்பெர்க் அடி ஈஸ்ட் எண் 1 எனப் பெயரிடப்பட்ட தூய ஈஸ்ட் ஆலையில் பயன்பாட்டுக்கு வந்தது. பியர் தேறிற்று. அடுத்த ஆண்டில் பழைய கார்ல்ஸ்பெர்க் ஆலை முழுவதும் தூய ஈஸ்டுக்கு மாறியது. பின்னர் எண் 2 என்ற மற்றொரு வகையும் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டும் நல்லவையே; ஆனால் அவை தந்த பியர்கள் தெளியும் விதத்தில் வேறுபட்டன.

தன் ஆலைக்குப் பெரும் ஆதாயம் தரக்கூடிய இம்முறையை யாக்கோப்சன் மறைக்கவில்லை. ஆய்வகத்தின் வெளியீட்டில் முழு விவரமும் அச்சாயிற்று. கேட்ட ஆலைகளுக்கு ஈஸ்ட் விலையின்றி வழங்கப்பட்டது.

ஒற்றை உயிரணு முறை

ஹான்சன் தொடக்கத்தில் பயன்படுத்தியது நீர்த்தல் முறையாகும். குருதி அணுக்களை எண்ணப் பயன்படும் கட்டமிட்ட கண்ணாடியைக் கொண்டு ஒரு துளியில் உள்ள ஈஸ்ட் உயிரணுக்களை எண்ணுவார். பின்னர் இரண்டு மில்லிலிட்டருக்குச் சராசரியாக ஓர் உயிரணு இருக்கும் அளவுக்கு நீரூற்றி, சாறு உள்ள பல குடுவைகளில் ஒவ்வொரு மில்லிலிட்டர் இடுவார். அப்போது சில குடுவைகளில் ஒன்றும் வளராது, சிலவற்றில் வளரும். குடுவையை நன்கு குலுக்கி, அசையாமல் வைத்துவிட்டால் உயிரணுக்கள் அடியில் தங்கிப் பெருகும். சில நாள் கழித்து அடியில் ஒரே ஒரு வெண்புள்ளி தெரிந்தால், அக்குடுவை ஓர் உயிரணுவிலிருந்தே தொடங்கியது என்று கொள்ளலாம். இரண்டு புள்ளிகள் தெரிந்தால் விலக்கிவிட வேண்டும்.

நுண்ணுயிர்களைக் கூழ்ம ஊடகத்தில் வளர்க்கும் முறையை ராபர்ட் கோக் 1881 இல் அறிமுகப்படுத்தியிருந்தார். ஹான்சன் அதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் கூழ்மத்தில் தோன்றும் ஒவ்வொரு திட்டும் ஓர் உயிரணுவிலிருந்தே வந்தது என்பதற்கு உறுதியில்லை என்று கருதினார். எனவே சாறு கலந்த கூழ்மத்தை மெல்லிய கண்ணாடியில் பூசி, ஈரமான சிறு அறைக்குள் வைத்து, நுண்ணோக்கியின் வழியே தனித்திருக்கும் உயிரணுவைக் கண்டு, அதன் இடத்தைக் குறித்து, அது பெருகுவதை நேரில் பார்த்த பின்னரே அதனை எடுத்தார். இவ்வாறு கிடைத்த சிறு திட்டு, சிறு குடுவையில் தொடங்கிப் பெரிய பாத்திரங்களுக்குப் படிப்படியாக மாற்றி வளர்க்கப்படும்.

ஆலைக்குத் தேவைப்படும் அளவுக்கு ஈஸ்டைப் பெருக்க, ஆலையை நடத்திவந்த கியூலெயுடன் சேர்ந்து மூடிய செப்புக் கலன் ஒன்றை ஹான்சன் வடிவமைத்தார். வடிகட்டிய காற்றும் கிருமி நீக்கிய சாறும் மட்டுமே இதற்குள் செல்லும். வளர்ந்த ஈஸ்டில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எஞ்சியதன்மேல் மீண்டும் சாற்றை விட்டால் தொடர்ந்து தூய ஈஸ்ட் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆலையில் உள்ள ஈஸ்டில் காட்டு வகை புகுந்துள்ளதா என்று அறியவும் இவர் ஒரு சோதனையைத் தந்தார். ஈரமான ஜிப்சம் கட்டியின்மேல் ஈஸ்டைப் பரப்பி வைத்தால், உணவின்றி அது நுண்வித்துகளை உருவாக்கும். 25 பாகை வெப்பத்தில் காட்டு ஈஸ்டுகள் இதை விரைவில் செய்துவிடும். நல்ல அடி ஈஸ்ட் தாமதமாகவே செய்யும். குறித்த நேரத்தில் நுண்ணோக்கியில் பார்த்து நுண்வித்துகள் தென்பட்டால் ஈஸ்டை மாற்ற வேண்டும் என்று பொருள்.

தடைபட்ட நொதித்தலும் ஹான்சனின் முறையும்

நொதித்தல் பாதியில் நிற்பது ஆலைகளில் மட்டுமன்றி, வீட்டில் பியர் தயாரிப்போரிடையேயும் பரவலாகக் காணப்படும் சிக்கல். சாற்றின் அடர்த்தியை மிதவைமானியால் அளந்து இதனை அறியலாம். எடுத்துக்காட்டாக 1.048 இல் தொடங்கிய சாறு 1.012 அளவுக்கு இறங்க வேண்டியிருக்க, 1.022 இலேயே சில நாட்கள் அசையாமல் நின்றால் நொதித்தல் தடைபட்டதாகக் கொள்ளலாம். குமிழி வருவது நின்றது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்தல் தவறு.

காரணங்கள் பல. ஈஸ்ட் குறைவாகவோ பழையதாகவோ இருக்கலாம். தொடக்கத்தில் சாற்றுக்குப் போதிய காற்று கிடைக்காமல் ஈஸ்ட் வலுவின்றிப் பெருகியிருக்கலாம். குளிரால் ஈஸ்ட் உறங்கியிருக்கலாம். மால்ட்டை மிகுந்த சூட்டில் ஊறவைத்ததால் ஈஸ்டுக்கு உதவாத டெக்ஸ்ட்ரின்கள் சாற்றில் மிகுந்திருக்கலாம். இந்த இறுதி நிலையில் ஈஸ்டின் மேல் குற்றமில்லை. எவ்வளவு ஈஸ்ட் சேர்த்தாலும் அடர்த்தி பெரிதும் இறங்காது.

குளிரே காரணமாயின் கலனைச் சில பாகை வெதுவெதுப்பாக்கி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி மெதுவாகச் சுழற்றிவிடுவது போதும். அதனாலும் இயங்கவில்லை என்றால் புதிய ஈஸ்ட் தேவை. இங்குதான் பலர் தவறுகின்றனர். உலர்ந்த ஈஸ்டை அப்படியே பாதி நொதித்த பியரில் தூவுவது பெரும்பாலும் பயன் தராது. அங்கே ஆல்ககால் ஏறியிருக்கும், எளிய சர்க்கரைகள் தீர்ந்திருக்கும், ஆக்சிசன் இராது. ஹான்சன் செய்தது போல, முதலில் சிறிதளவு புதிய சாற்றில் ஈஸ்டை வளர்த்து, அது நுரைத்துத் தீவிரமாக நொதித்துக்கொண்டிருக்கும் நிலையில் சேர்ப்பதே வழி. நொதித்துக்கொண்டிருக்கும் இளம் பியரை முதிர்ந்த பியரோடு சேர்க்கும் செர்மானிய வழக்கமும் இதே அடிப்படையில் அமைந்தது. பாதி நொதித்த பியருக்கு மீண்டும் காற்றூட்டுவது சுவையைக் கெடுக்கும். தடைபட்டதைத் தீர்க்காமலே புட்டியில் அடைப்பது இடர் மிக்கது. பின்னர் நொதித்தல் மீண்டும் எழுந்தால் வாயுவின் அழுத்தத்தால் புட்டிகள் வெடிக்கும்.

எதிர்ப்புகள்

அடி ஈஸ்ட் பயன்படுத்தும் ஆலைகள் ஹான்சனின் முறையை விரைவாக ஏற்றன. நெதர்லாந்தின் ஹைனக்கன் ஆலையில் எலியோன் என்பவர் 1886 இல் அவ்வாலைக்கென ஒரு தூய ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். பாஸ்டரின் ஆதரவாளர்கள் சிலர், பல வகை ஈஸ்டுகள் சேர்ந்து தரும் சுவையை ஒற்றை வகை தராது என்று வாதிட்டனர். ஹான்சன் இவற்றுக்கு ஆய்வுக் கட்டுரைகள் மூலம் நெடுங்காலம் மறுமொழி எழுதிவந்தார்.

எதிர்ப்பு வலுவாக இருந்தது இங்கிலாந்தில். அங்கு நீண்ட நாள் பீப்பாயில் முதிர வைக்கும் பியர்களுக்கு, முதல் நொதித்தலுக்குப் பின் மெதுவான இரண்டாம் நொதித்தல் ஒன்று தேவைப்பட்டது. தூய ஒற்றை ஈஸ்டைக் கொண்டு செய்தபோது இந்த இரண்டாம் கட்டம் நிகழவே இல்லை. ஆங்கிலேயர் சொன்னதில் உண்மை இருந்தது. புதிய கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வாளர் கிளாவுசென் இதன் காரணத்தைக் கண்டறிந்து 1904 இல் வெளியிட்டார்: முதன்மை ஈஸ்ட் விட்டுவைத்ததை மெல்ல உண்ணும் வேறொரு வகை ஈஸ்டே அந்த இரண்டாம் நொதித்தலைச் செய்கிறது. பிரித்தானியப் பியரில் கண்டதால் அதற்கு பிரெட்டனோமைசிஸ் எனப் பெயரிட்டார். தூய ஈஸ்டால் முதல் நொதித்தலை நடத்தி, பின்னர் இதனையும் தூய வளர்ப்பாகச் சேர்க்கலாம் என்பது அவர் பரிந்துரை. ஆகவே இவ்விடத்தில் ஹான்சனின் முடிவு திருத்தப்பட்டாலும், திருத்துவதற்குக் கருவியாக அமைந்தது அவருடைய முறையே. ஆயினும் பிரித்தானிய ஆலைகளிற் பல அதற்குப் பின்னரும் நீண்ட காலம் தங்கள் கலப்பு ஈஸ்டைக் கைவிடவில்லை.

இறுதிக் காலம்

யாக்கோப்சன் 1887 இல் ரோம் நகரில் காலமானார். ஹான்சன் 1892 இல் பேராசிரியர் என்ற பட்டத்தைப் பெற்றார். ஈஸ்டின் வகைகள் நிலையானவையா, சூழலால் அவற்றின் இயல்புகள் நிரந்தரமாக மாறுமா என்ற கேள்வியில் இவர் பிற்கால ஆய்வுகள் பல அமைந்தன. ஈஸ்டை உயர் வெப்பத்தில் தொடர்ந்து வளர்த்து, நுண்வித்து உருவாக்கும் திறனை இழந்த வகைகளை இவர் பெற்றார். 1908 இல், தாம் கால் நூற்றாண்டுக்கு முன் பிரித்த அடி ஈஸ்ட் எண் 1 இற்குச் சாக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பெர்கென்சிஸ் என்ற அறிவியற் பெயரை வழங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று காலமானார். நுண்ணுயிரியலில் சிறந்த ஆய்வுக்குத் தங்கப் பதக்கம் வழங்க இவர் பெயரில் ஒரு நிதியம் ஏற்பட்டது.

இவருக்குப் பின் ஆய்வகத்தின் உடலியங்கியல் பிரிவை, விலாங்கு மீன்களின் பிறப்பிடத்தைத் தேடிப் புகழ்பெற்ற யோகன்னஸ் ஷ்மித் ஏற்றார். அவருக்கும் பின் வந்த ஓய்விண்ட் விங்கே 1930களில் ஈஸ்ட் மரபியலுக்கு அடித்தளமிட்டார்.

ஹான்சனின் ஈஸ்ட் இன்று

பின்வந்த வகைப்பாட்டாளர்கள் சாக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பெர்கென்சிசைத் தனி இனமாகக் கொள்ளவில்லை. லாகர் ஈஸ்டுகள் அனைத்தும் இப்பொழுது சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் என்ற பெயரிலேயே அடங்குகின்றன. மாக்ஸ் ரீஸ் 1870 இல் பாஸ்டரின் நினைவாக இட்ட பெயர் இது. 1883 இல் கார்ல்ஸ்பெர்க் பியரைக் கெடுத்ததாக ஹான்சன் குற்றஞ்சாட்டிய ஈஸ்ட் தாங்கியிருந்த பெயரும் இதுவே. நோய்க்குக் காரணமென விலக்கப்பட்டதன் பெயர், மருந்தாக வந்ததற்கே சூட்டப்பட்டதை வகைப்பாட்டின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று ரொட்டிக்கும் ஏல் பியருக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. குளிரைத் தாங்கும் மற்றொன்று நெடுங்காலம் அறியப்படாமல் இருந்து, 2011 இல் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் கண்டறியப்பட்டுச் சாக்கரோமைசிஸ் யூபயானஸ் எனப் பெயர் பெற்றது. கார்ல்ஸ்பெர்க் அடி ஈஸ்ட் எண் 1 இன் மரபணுத் தொகுதி 2014 இல் வெளியிடப்பட்டது.

கார்ல்ஸ்பெர்க்கின் பழைய நிலவறையில் 1883 ஆம் ஆண்டுக் காலத்துப் பியர் புட்டி ஒன்று கிடைத்தது. அதில் உயிருடன் எஞ்சியிருந்த ஈஸ்டை ஆய்வகத்தினர் வளர்த்தெடுத்து, பழைய செய்முறைப்படி பியர் தயாரித்து 2016 மே மாதத்தில் கோபனாகனில் பரிமாறினர்.